காஜாக்கா வாங்கிய வீடு

தெருவில் அவளைக் காஜாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பட்டன் நுழையும் துளையைத் தையல்காரர்கள் காஜா என்று சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் ஆறு தையல் கடைகளுக்கு அவள்தான் காஜா எடுத்தாள், பட்டன் கட்டினாள். காலையில் ஒரு மூட்டை வந்து இறங்கும், சாயங்காலம் ஒரு மூட்டை ஏறும். துளை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டு, கட்டின புருஷனே "ஏ காஜா, டீ இருக்கா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

புருஷனுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் கம்பெனியில் வேலை. நாற்பத்தொரு வயது. நாளெல்லாம் பெரிய பெரிய அடுக்குமாடிகளில் ஏறி இறங்குவார். "ஒரு நாளைக்கு நூறு வீட்டு வாசலைத் தாண்டிப் போறேன். ஒரு வீட்டுக்குள்ளகூட எட்டிப் பாத்ததில்லை" என்று சொல்லிச் சிரிப்பார். கிரீஸ் படிந்த கையோடு வந்து, மூட்டைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில் கால் நீட்டிப் படுப்பார். அவர்களுடைய ஒன்பது வயது மகள் பாப்பா, மெஷின் பலகைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு அறையும், அறை என்று சொல்ல முடியாத ஒரு சமையல் இடுக்கும்தான் வீடு.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அது ஐந்தாவது வாடகை வீடு. முதல் வீட்டில் தண்ணீர் வரவில்லை. இரண்டாவது வீட்டுக்காரருக்கு மகள் திரும்பி வந்துவிட்டாள், இடம் வேண்டுமென்றார்கள். மூன்றாவதில் மெஷின் சத்தம் கீழ்வீட்டு அம்மாவின் தலைக்குள் போய்த் தைக்கிறதாம். நான்காவதில் வாடகையை ஏற்றிக்கொண்டே போய், ஒருநாள் இவர்களால் எட்ட முடியாத உயரத்தில் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் சாமான்களை ஏற்றும்போது காஜாக்கா ஒன்றும் பேசமாட்டாள். இறக்கும்போது மட்டும், "அடுத்த தடவை நம்ம வீட்டு வாசல்ல இறக்கணும்" என்பாள்.

பாப்பாவுக்கு இரண்டு வயதானபோதே அடுத்த குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்தது. "இருக்கிற மூணு பேருக்கே கால் நீட்ட இடமில்லை. சொந்தமா ஒரு இடம் அமையட்டும், பாத்துக்கலாம்" என்று அவளேதான் சொன்னாள். அவரும் சரி என்றார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள். பாப்பாவுக்கு ஐந்தானபோது சேர்ந்த தொகையில், பாப்பாவுக்கு இரண்டு வயதானபோது இருந்த விலைக்கு வீடு கிடைத்திருக்கும். பஸ் ஸ்டாப்புக்கு மூச்சிரைக்க ஓடி வந்து சேரும்போது பஸ் கிளம்புகிற மாதிரி, ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் ஆயிற்று.

ஐந்தாவது வீட்டுக்காரர் நல்ல மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கட்டடத்தை இடிச்சு ஃப்ளாட் கட்டப் போறோம். பசங்க முடிவு பண்ணிட்டாங்க. பக்கத்துல ரயில் ஸ்டேஷன் வருதுல்ல, இப்ப விட்டா இந்த விலை அப்புறம் வராதுங்கறானுங்க. உங்களுக்கு ஒரு வருஷம் டைம் தரேன்."

"கட்டினப்புறம் எங்களுக்கு ஒண்ணு குடுப்பீங்களா சார்?" என்று லிஃப்ட்காரர் விளையாட்டாகக் கேட்டார்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "உங்களுக்குன்னா கொஞ்சம் குறைச்சுத்தான் சொல்லுவேன். ஆனா அந்தக் குறைச்சலே உங்களுக்குக் கட்டுப்படியாகாது தம்பி" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

அடுத்த ஒரு மாதம் இரண்டு பேரும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வீடு தேடினார்கள். வராத ரயிலுக்கு வாடகை முன்கூட்டியே வந்துவிட்டது. எங்கே கேட்டாலும் இப்போது கொடுப்பதைப்போல இரண்டு மடங்கு. கடைசியில் காஜாக்காவுக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. "இவ்வளவு வாடகை குடுக்கறதுக்கு, அதையே மாசத் தவணையா கட்டினா வீடே நம்மளதாயிடும்ல?" பேங்கில் போய்க் கேட்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கிளம்பினார்கள்.

பேங்கில் வீட்டுக் கடன் பிரிவில் ஒரு மேடம் இருந்தாள். முகம் சுளிக்காமல், உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துப் பேசினாள். அவர் சம்பளத்தைப் பார்த்தாள். வயதைக் கேட்டாள்.

"நாற்பத்தொண்ணா? அறுபது வயசுக்குள்ள கடன் முடியணும் சார். முப்பது வயசுல வந்திருந்தீங்கன்னா வருஷம் கூடக் கிடைச்சிருக்கும், தவணை குறைஞ்சிருக்கும்."

"முப்பது வயசுல கையில ஒண்ணுமில்லையே மேடம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றாள் மேடம். "உங்க சம்பளம் மட்டும்னா பத்தாது. மேடம் என்ன பண்றாங்க?"

தன்னை ஒருத்தி மேடம் என்று சொன்னதில் காஜாக்காவுக்கு வெட்கமாக இருந்தது. தன் வேலையைச் சொன்னாள், மாதம் எவ்வளவு வரும் என்றும் சொன்னாள். நல்ல மாதத்தில் அவர் சம்பளத்தில் முக்கால்வாசி வரும்.

"அதுக்குச் சீட்டு ஏதாவது இருக்கா? பேங்க் கணக்குல விழுதா?"

"கையில குடுப்பாங்க."

மேடம் பேனாவை மூடி வைத்தாள். "காகிதத்துல இல்லைன்னா எங்களுக்கு அது வருமானமே இல்லைங்க. ஆறு மாசச் சம்பளச் சீட்டு கொண்டு வாங்க. ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்துப் போட்டுத் தரலாம்."

வெளியே வந்ததும் லிஃப்ட்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். காஜாக்கா உட்காரவில்லை. அடுத்த வாரமே ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். பதினாறு வருஷமாகக் காஜா எடுத்த கை. அங்கே அந்தக் கைக்கு வேலை இல்லை. காஜா எடுக்க ஒரு மெஷின் இருந்தது, கண்ணை மூடித் திறப்பதற்குள் துளை போட்டு முடித்துவிடும். அவளைச் செக்கிங் பிரிவில் நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்றால் நிஜமாகவே நிறுத்தினார்கள். உயரமான மேஜைக்கு முன்னால் ஒன்பது மணிநேரம் நின்றபடி, தைத்து வருகிற சட்டைகளில் நூல் பிசிறு வெட்டி, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்பளம், வீட்டில் காஜா எடுத்ததில் வந்ததைவிடக் குறைவு. ஆனால் சீட்டு உண்டு. முதல் மாதச் சீட்டை அவர் கையில் கொடுத்து, "பாருங்க, இப்பத்தான் நான் சம்பாதிக்கவே ஆரம்பிச்சிருக்கேன்" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கப் போனார்கள். முதலில் பாப்பாவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பார்த்தார்கள். அது நடக்கிற காரியமில்லை என்று முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. பிறகு நான்கு ஸ்டாப் தள்ளி. பிறகு பத்து ஸ்டாப். விலை இறங்க இறங்க ஊர் விலகிக்கொண்டே போயிற்று. கடைசியில் இரண்டு பஸ் மாறி, கடைசி ஸ்டாப்பில் இறங்கி, இருபது நிமிஷம் மண்பாதையில் நடந்துபோன இடத்தில் அது இருந்தது. ஒட்டி ஒட்டிக் கட்டின பன்னிரண்டு சின்ன வீடுகளில் எட்டாவது. இரண்டு அறை. சமையலறையில் ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் வெட்டவெளி. காஜாக்கா அந்த ஜன்னலருகில் போய் நின்றவள் நகரவே இல்லை.

"இவ்வளவு தூரம் வந்து போக முடியுமா உன்னால?" என்று கேட்டார்.

"காலையில அரைமணி சீக்கிரம் எழுந்தா ஆச்சு."

அரைமணியில் ஆகாது, இரண்டு மணிநேரம் ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். விலையில் நான்கில் ஒரு பங்கு கையிலிருந்து போட வேண்டும். சேமிப்பு இருந்தது, அவள் காதிலும் கழுத்திலும் கிடந்தது இருந்தது. மீதிக்கு அவருடைய அக்காவிடம் போய் நின்றார்கள். அக்கா மென்று முழுங்கிக் கொடுத்தாள்.

ஐந்தாவது சம்பளச் சீட்டு வந்த வாரத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. வயது முப்பத்தேழு. சோர்வாக இருக்கும் என்று நினைத்தாள், நின்று நின்று கால் வீங்கியிருந்தது. மருந்துக் கடையில் வாங்கி வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு மாதம். பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டும் வேண்டும் என்று ஏங்கி, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிப் போட்டு, இனி இல்லை என்று ஒதுக்கி வைத்தது இப்போது வந்திருக்கிறது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அவரிடம் சொன்னபோது அவர் முகம் சின்னப் பையன் முகம்போல ஆயிற்று. அவள் கையைப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த முகத்தில் யோசனை ஓடியது. சட்டத்தில் என்ன இருந்தாலும், அந்தக் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவர்களுக்குப் பிரசவ லீவு கொடுப்பதில்லை. வயிறு தெரிந்தால் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்பாள், அடுத்த நாள் பஞ்ச் கார்டு இருக்காது. சீட்டு நின்றால் கடன் நின்றது. கடன் நின்றால் வீட்டுக்காகக் கொடுத்த அட்வான்ஸும் போயிற்று.

"இன்னும் ஒரு மாசச் சீட்டுதானே," என்று அவர் மெதுவாகச் சொன்னார். "பத்திரம் முடியற வரைக்கும் யாருக்கும் சொல்ல வேணாமே. அப்புறம் வேலையை விட்டுடு. நான் பாத்துக்கறேன்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாள். அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனாலும் அவர் வாயிலிருந்து அது வந்தபோது எங்கேயோ லேசாகச் சுருக்கென்றது.

ஆறு சீட்டும் சேர்ந்தன. விண்ணப்பம் போட்டார்கள். பேங்கிலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டு, இப்படி ஒருத்தி வேலை செய்கிறாளா என்று கேட்டார்கள். செய்கிறாள் என்று சொன்னார்கள். கடன் சரி என்று ஆயிற்று. அவளுக்கு நான்கு மாதம் முடிந்து ஐந்து நடந்தது. கம்பெனியில் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டை ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கினாள். "இங்க வந்து எல்லாரும் இளைச்சுப்போய்ச் சின்னதா கேப்பாங்க, நீ என்னடி பெரிசா கேக்கறே?" என்று ஸ்டோரில் இருந்தவள் கேட்டாள். "காத்து வேணும்க்கா" என்றாள்.

பத்திரத்துக்கு நாள் குறிக்கும்போது வீடு கட்டினவரிடம் ஒரு காகிதம் குறைந்தது. நிலத்துக்கு முந்தைய சொந்தக்காரர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். அவர் எங்கேயோ போயிருந்தார். வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் வட்டி ஏறிவிட்டது. மேடம் கூப்பிட்டுச் சொன்னாள். "நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. வட்டி அரை பர்சென்ட் ஏறினா, அதே சம்பளத்துக்கு நாங்க குடுக்கிற தொகை குறையும். வித்தியாசத்தை நீங்க கையிலேர்ந்து போடணும்."

"அரைன்னா கொஞ்சம்தானே மேடம்?"

"கேக்கறதுக்குக் கொஞ்சம்தான்."

அக்காவிடமும் இனிமேல் போய் நிற்க முடியாது. காஜாக்கா ஓவர்டைம் கேட்டு வாங்கினாள். ஒன்பது மணிநேரம் பதினோரு மணிநேரமாயிற்று. ஆறாவது மாதம். உள்ளே குழந்தை நன்றாகவே உதைத்தது. மேஜை விளிம்பில் வயிறு படும்போதெல்லாம் உதைக்கும். "இருடா, அம்மா வேலையா இருக்கேன்ல" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். பக்கத்து மேஜைக்காரிக்குத் தெரிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கனமான கட்டுகளை மட்டும் பேசாமல் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

கடைசியில் கையெழுத்துக்காரர் வந்தார், பணமும் புரண்டது, பத்திரத்துக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு அவளுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பதிவு ஆபீஸில் டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள். பதினோரு மணிக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். பன்னிரண்டுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்றார்கள். சாப்பாட்டு வேளை முடிந்து வாருங்கள் என்றார்கள். மர பெஞ்சில் அவள் முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு கட்டினவர் எல்லாருக்கும் ஜூஸ் வாங்கி வந்தார். இனிப்பாக ஏதாவது குடித்தால் குழந்தை அசையும் என்று அவளுக்குத் தெரியும். முழு டம்ளரையும் குடித்தாள். காத்திருந்தாள்.

அசையவில்லை.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது. ஓவர்டைம் முடிந்து பஸ்ஸில் வரும்போது தூங்குகிறது என்று நினைத்தாள். காலையில் எழுந்ததும் இன்னும் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூட்டுக் கடன், இரண்டு பேரும் இருந்தால்தான் பத்திரம். இன்றைக்குத் தவறினால் மறுபடி நாள் குறிக்க வேண்டும், மறுபடி வட்டி ஏறலாம், பேங்க் மறுபடி கம்பெனிக்குப் போன் போடலாம். சாயங்காலம் போய்க்கொள்ளலாம். கையெழுத்து முடிந்ததும் நேராகப் போய்விடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் டோக்கன் எண் மாறுகிற பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு எண் வந்தது. விரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். போட்டோவுக்கு நிமிர்ந்து பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும், "என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள். இன்னொரு டாக்டரைக் கூட்டி வந்து காட்டினாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தபோதே காஜாக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"அசைவு எப்பலேர்ந்து இல்லைம்மா?"

"நேத்து சாயங்காலத்திலேர்ந்து."

கதவருகில் நின்றிருந்த லிஃப்ட்காரரின் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

"நேத்தே வந்திருந்தா..." என்று காஜாக்கா கேட்டாள்.

டாக்டரம்மா நேர்மையானவள். "தெரியலைம்மா. வந்திருந்தாலும் இப்படியேகூட ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம். நின்னுக்கிட்டே வேலை பார்த்ததாலதான்னும் என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

மறுநாள் மதியம் பிறந்தது. ஆண் குழந்தை. எல்லாம் இருந்தது, நகம்கூட முளைத்திருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி நர்ஸ் கொடுத்தபோது, அந்தத் துணியின் ஓரத்தில் தையல் பிரிந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. காஜாக்கா அந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். அவர் வெளியே வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். உள்ளே வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். மூன்றாவது தடவைதான் வந்தார்.

பழைய வீட்டுக்காரர் கொடுத்த கெடு நெருங்கியிருந்ததால் மூன்று வாரத்தில் புது வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாமான் இறக்கும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் இவர்களைத் தெரியாது. "புது வீடா? நல்லா இருங்க" என்று கை குலுக்கினார்கள். அவருடைய அக்கா வந்து, இரண்டு அறையையும் சுற்றிப் பார்த்து, "போனது போச்சு. எத்தனை பேருக்கு இந்த வயசுல சொந்த வீடு கிடைக்குது? அந்த வகையில நீ குடுத்து வச்சவடி" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். காஜாக்கா அவளுக்குச் சோறு போட்டு, பஸ் ஏற்றிவிட்டு வந்து, சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். அதற்குப் பிறகு வெகுநாள் அதைத் திறக்கவே இல்லை.

பாப்பாதான் அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தாள். "இந்தச் சுவத்துல ஆணி அடிக்கலாமாம்மா? யாரும் திட்ட மாட்டாங்களா?" என்று கேட்டுக் கேட்டு, பதினோரு ஆணி அடித்தாள். மாட்டுவதற்கு அவளிடம் இரண்டு படம்தான் இருந்தது.

வேலையை விடவில்லை. எப்படி விடுவது? இரண்டு சம்பளத்தையும் சேர்த்துத்தான் தவணை. புது வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் மறுபடி அதே மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். இதுவரை ஏன் வரவில்லை என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, விடாத காய்ச்சல் என்றாள். இப்போது அந்தப் பெரிய கோட்டு தொளதொளவென்று இருந்தது. பக்கத்து மேஜைக்காரி அதைப் பார்த்தாள். வெட்டிக்கொண்டிருந்த நூலை விட்டுவிட்டு, மேஜைக்கு அடியில் இவள் கையை ஒரு நிமிஷம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் போக இரண்டு மணிநேரம், வர இரண்டு மணிநேரம். அந்த நேரமெல்லாம் காஜாக்கா யாரைத் திட்டலாம் என்று தேடுவாள். வட்டியை ஏற்றினவர்களை அவள் பார்த்ததே இல்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஊரில் தன் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாராம். மேடம் தண்ணீர் கொடுத்துப் பேசினவள். வீட்டுக்காரர் ஒரு வருஷம் டைம் கொடுத்தவர். ரயில் ஸ்டேஷன் இன்னும் வரவே இல்லை. அவள் எடுத்த லட்சக்கணக்கான காஜாக்களை யாராவது ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தால், அவள் அந்த மேஜைக்கு முன்னால் நின்றிருக்கவே வேண்டாம். ஏழு வருஷத்துக்கு முன்னால், "ஒரு இடம் அமையட்டும்" என்று சொன்னது அவளேதான். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அந்த மர பெஞ்சில்தான் போய் உட்காருவாள். ஜூஸைக் குடிப்பாள். காத்திருப்பாள்.

அவரோடு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. நூறு வாசல் தாண்டுகிற வேடிக்கைப் பேச்செல்லாம் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி கேட்டு வாங்கிப் போனார். வட்டி மறுபடி ஏறியது. தவணையை ஏற்றாமல் வருஷத்தை நீட்டித்திருக்கிறோம் என்று பேங்கிலிருந்து கடிதம் வந்தது. அறுபதுக்குள் முடிய வேண்டிய கடன் இப்போது அவருக்கு அறுபத்துநாலு வயதாகும்போதுதான் முடியுமாம். "அதுவரைக்கும் லிஃப்ட் ஏறணும்" என்று மட்டும் சொல்லிக் கடிதத்தை மடித்தார். நான் சொல்லாமல் இருந்ததை இவர் மன்னிக்கவில்லை என்று அவள் நினைத்தாள். அப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

ஒரு ஞாயிறு காலையில் குடும்பக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். தோளில் பையும், அட்டையில் செருகின படிவமும் இருந்தன. அவர் டியூட்டிக்குக் கிளம்பி, ஒரு காலில் ஷூ மாட்டியிருந்தார். பாப்பா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். காஜாக்கா வந்தவளுக்கு நாற்காலி போட்டாள்.

"வீடு சொந்தமா, வாடகையா?"

"சொந்தம்" என்றார் அவர்.

"கடன் இருக்கா?"

"அது மட்டும்தான் இருக்கு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதினாள். "எத்தனை ரூம்? சரி. எத்தனை பேர் சம்பாதிக்கறீங்க? ரெண்டு. குழந்தைங்க எத்தனை?"

"ரெண்டு" என்றார்.

காஜாக்கா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார், குனிந்த தலை நிமிரவில்லை.

"பேர், வயசு சொல்லுங்க. பெரியவங்க முதல்ல."

பாப்பாவின் பேரையும் வயதையும் சொன்னார். பேனா அடுத்த கட்டத்துக்குப் போய் நின்றது. "ரெண்டாவது?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் நாடாவை முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார்.

"ஒண்ணுன்னு எழுதிக்கங்கம்மா" என்றாள் காஜாக்கா.

அந்தப் பெண் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். எழுதினதை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள். மீதிக் கேள்விகளைத் தாழ்ந்த குரலில் வேகமாகக் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நீ அன்னைக்குக் காலையில தலை வாரிக்கிட்டே இருந்தே," என்றார். "பாதியில சீப்பை வச்சுட்டு வயித்தைத் தட்டிப் பார்த்தே. விரலால மெதுவா. கொஞ்ச நேரம் நின்னே. மறுபடி தட்டினே. நான் கதவுக்கிட்ட நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

காஜாக்கா சாத்தின கதவில் சாய்ந்துகொண்டாள்.

"என்னன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா நீ சொல்லிடுவேன்னு பயமா இருந்துச்சு. சொல்லிட்டா போயாகணும். அதனால கேக்கலை. ஆபீஸ்ல அவ்வளவு நேரம் பக்கத்துல உக்காந்திருந்தேன். உன் பக்கம் திரும்பவே இல்லை. நீ மறைச்சேன்னு நீ நினைச்சுக்கிட்டிருக்கே. எனக்குத் தெரியும் காஜா. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. இப்போது ஷூ போட்ட ஒரு காலை மடக்கி, போடாத காலை நீட்டி, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். அவளுக்குக் கோபம் வந்தது. எவ்வளவு கோபம் என்றால், அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. இரண்டு வருஷம் அந்தப் பெஞ்சில் அவளைத் தனியாக உட்கார வைத்துவிட்டாரே என்ற கோபம். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சட்டையைப் பிடிக்கவும் செய்தாள். உலுக்க வரவில்லை. பிடித்தபடியே அவளும் அழுதாள்.

வெகுநேரம் கழித்து, "கேட்டிருந்தாலும் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

"கேட்டிருக்கணும்ல?"

"கேட்டிருக்கணும்" என்றாள்.

கம்பெனியிலிருந்து அவருக்குப் போன் வந்தது. எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். இன்றைக்கு வர முடியாது, வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு அவளைப் பார்க்காமலேயே கேட்டார். "அவன் யாரு ஜாடை? நான் சரியா பாக்கலை."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்துச் சொல்லத் தொடங்கினாள்.